உன்னதங்களிலே ஆவிக்குரிய சகல ஆசீர்வாதம்: எபேசியர் 1:3 எதைச் சொல்கிறது?

கேள்வி இது: "எபேசியர் 1:3-ல் தேவன் நம்மை 'உன்னதங்களிலே ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும்' ஆசீர்வதித்திருக்கிறார் என்று இருக்கிறது. இது செத்த பிறகு பரலோகத்தில் கிடைக்கப்போவதா? இப்போதே கிடைத்துவிட்டது என்றால், கடனும் நோயும் வேலையில்லாத பிள்ளையுமாக இருக்கிற எங்கள் வீட்டில் அது ஏன் கண்ணில் படவில்லை? எங்கள் விசுவாசத்தில் ஏதாவது குறையா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறை இல்லை. இந்த வசனத்தை வைத்து உங்கள் விசுவாசத்தைக் குறைசொல்ல யாருக்கும் இடமில்லை. இதை எழுதிய பவுலே அப்போது காவலில் இருந்தார். மூன்றாம் அதிகாரம் தொடங்கும்போது தன்னைக் கட்டுண்டவன் என்கிறார். ஆறாம் அதிகாரத்தின் முடிவில் சங்கிலியால் கட்டப்பட்ட ஸ்தானாபதி என்கிறார். ரோமாபுரியில், கி.பி. 60-62 வாக்கில் இருந்த வீட்டுக்காவல் என்பது சபை மரபு. பவுலின் சீடர் ஒருவர் பிற்பாடு எழுதியிருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 'எபேசுவிலே' என்ற சொல்லே இல்லாததால், ஆசியா மாகாணத்தின் பல சபைகளுக்குச் சுற்றுக்கு விடப்பட்ட நிருபமாக இது இருக்கலாம் என்றும் சொல்வார்கள். எப்படியிருந்தாலும், நிருபத்தில் பேசுகிற குரல் சிறைக்கைதியின் குரல். கையில் சங்கிலியோடு ஒருவர் "சகல ஆசீர்வாதத்தினாலும்" என்று சொல்கிறார் என்றால், நாம் வழக்கமாக ஆசீர்வாதம் என்று எண்ணுகிற பட்டியலை அவர் மனதில் வைத்திருக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்துப் படிப்பதால்தான் குழப்பமே வருகிறது. மூல கிரேக்கத்தில் 3 முதல் 14 வரை ஒரே வாக்கியம். மூச்சு விடாமல் ஓடுகிற துதி அது. யூதர்கள் ஜெபத்தைத் தொடங்குகிற முறையும் அதுதான். "இஸ்ரவேலின் தேவனாயிருக்கிற கர்த்தராகிய தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று 72-ஆம் சங்கீதத்தின் முடிவில் வருகிறதே, அதே அச்சு. முதலில் தேவனைத் துதிப்பார்கள், அப்புறம் ஏன் துதிக்கிறோம் என்று அவர் செய்த காரியங்களைச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஆகவே மூன்றாம் வசனம் தலைப்பு மாதிரி. ஆசீர்வாதம் என்னென்ன என்பதை நான்காம் வசனத்திலிருந்து பவுலே விரிக்கிறார். வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சரி, முதலில் 'உன்னதங்கள்' எது என்று பார்ப்போம். பரலோகம் என்றதும் நம்மில் பலர் மனதில் வருவது மேகங்களுக்கு அப்பால் ஒரு பொன் நகரம், நல்லவர்கள் செத்த பிறகு போய்ச் சேரும் ஊர். வேதம் பேசுவது முதலாவது அதையல்ல. வானம் தேவனுடைய சிங்காசனம், பூமி அவருடைய பாதபடி என்கிறது ஏசாயா 66:1. அங்கேயிருந்து அவர் ஆளுகிறார் என்பதே பரலோகத்தைப் பற்றி வேதம் திரும்பத் திரும்பச் சொல்கிற செய்தி. அதை ஒரு தூரமாகக் கணக்கிட முடியாது என்பது வேதத்தை எழுதினவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. ஆலயத்தைக் கட்டி முடித்த சாலொமோன், பிரதிஷ்டை ஜெபத்தில் "வானங்களும் வானாதி வானங்களும் உம்மைக் கொள்ளாதே, நான் கட்டின இந்த ஆலயம் எம்மாத்திரம்" என்கிறான். எந்த இடமும் கொள்ளாதவர் தம்முடைய ஆளுகையை எங்கே முழுமையாகச் செலுத்துகிறாரோ, அதைத்தான் பரலோகம் என்கிறார்கள்.

மத்தேயு சுவிசேஷத்தில் இது நன்றாகத் தெரியும். மாற்கும் லூக்காவும் 'தேவனுடைய ராஜ்யம்' என்று எழுதுகிற இடங்களில் மத்தேயு பெரும்பாலும் 'பரலோகராஜ்யம்' என்கிறார். மத்தேயு 4:17-ஐயும் மாற்கு 1:15-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பிரசங்கம். பரலோகராஜ்யம் சமீபித்திருக்கிறது என்று இயேசு சொன்னபோது, நீங்கள் சீக்கிரம் செத்துப்போய் அங்கே சேர்வீர்கள் என்று கேட்டவர்கள் யாரும் நினைக்கவில்லை. தேவனுடைய ஆட்சி இங்கே வருகிறது என்றுதான் புரிந்துகொண்டார்கள். அவர் கற்றுக்கொடுத்த ஜெபமும் அந்தத் திசையில்தான் போகிறது: "உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக."

இப்போது எபேசியருக்கு வருவோம். 'உன்னதங்கள்' என்று பவுல் குறிப்பிடும் இடம் இந்த நிருபத்தில் ஐந்து தடவை வருகிறது. ஐந்தையும் சேர்த்துப் படித்தால் படம் தெளிவாகிவிடும். 1:3 நம்முடைய வசனம். 1:20-ல் தேவன் கிறிஸ்துவை மரித்தோரிலிருந்து எழுப்பி, உன்னதங்களில் தம்முடைய வலதுபாரிசத்தில் உட்காரவைத்தார் என்று இருக்கிறது. 2:6-ல் நம்மையும் அவரோடேகூட எழுப்பி, உன்னதங்களிலே அவரோடேகூட உட்காரவும் செய்தார் என்கிறார். 3:10-ல், உன்னதங்களிலுள்ள துரைத்தனங்களுக்கும் அதிகாரங்களுக்கும் தேவனுடைய ஞானம் சபையின் மூலமாய்த் தெரியவருகிறது என்கிறார். 6:12-ல் நமக்குப் போராட்டம் அங்கேயுள்ள பொல்லாத ஆவிகளின் சேனைகளோடு என்கிறார். தமிழ் வேதாகமத்தில் இந்த ஐந்தாவது இடம் மட்டும் 'வானமண்டலங்கள்' என்று வருவதால் சட்டென்று கண்ணில் படுவதில்லை. பவுலைப் பொறுத்தவரை அதே இடம்தான்.

பொல்லாத ஆவிகளும் இருக்கிற இடம், செத்த பக்தர்கள் இளைப்பாறும் வீடாக இருக்க முடியுமா? முடியாது. உன்னதங்கள் என்று பவுல் சொல்வது அதிகாரம் நிர்ணயிக்கப்படுகிற தளம். உலகத்தை யார் ஆளுகிறார்கள், மனுஷர்களின் வாழ்வு யார் பிடியில் இருக்கிறது என்ற வழக்கு நடக்கிற இடம். அந்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது, சிலுவையில் அறையப்பட்டவர் எல்லா அதிகாரங்களுக்கும் மேலே உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் 1:20-ன் செய்தி. "நான் உம்முடைய சத்துருக்களை உமக்குப் பாதபடியாக்கிப்போடும்வரைக்கும், நீர் என்னுடைய வலதுபாரிசத்தில் உட்காரும்" என்ற 110-ஆம் சங்கீதத்தை முதல் சபையார் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது இதற்காகத்தான்.

இதை எபேசு பட்டணத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். அது அர்த்தெமி தேவியின் நகரம். அவளுடைய கோயில் அன்றைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. அந்த ஊர் மந்திரவாதத்துக்கும் பேர்போனது. அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில், விசுவாசிகளானவர்கள் தங்கள் மந்திரப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாக எரிக்கிறார்கள். விலை கணக்குப் பார்த்தபோது ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. அவ்வளவு பணத்தை அந்தப் புத்தகங்களில் ஏன் போட்டிருந்தார்கள்? பயம்தான். எந்த ஆவி எப்போது கெடுக்குமோ, எந்தக் கிரகம் என்ன செய்யுமோ, யார் சூனியம் வைப்பார்களோ என்கிற பயம். சரியான பெயரைச் சரியான முறையில் உச்சரித்தால் அந்தச் சக்திகளைக் கட்டலாம் என்று நம்பினார்கள். அப்படிப்பட்டவர்களிடம் பவுல், "எல்லாத் துரைத்தனத்துக்கும், அதிகாரத்துக்கும், வல்லமைக்கும், கர்த்தத்துவத்துக்கும்" மேலாகவும், சொல்லப்படும் எல்லா நாமத்துக்கும் மேலாகவும் கிறிஸ்து உட்கார்ந்திருக்கிறார் என்கிறார். இதோடு விடவில்லை, நீங்களும் அவரோடு அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்கிறார். மந்திரத் தகட்டை நம்பி வாழ்ந்த ஒரு அடிமைப் பெண்ணுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. இனி அவள் எந்தப் பெயருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் செத்த பிறகு பரலோகம் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. பக்கத்துச் சிலுவையில் தொங்கியவனிடம் இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பது அதிக நன்மை என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். விசுவாசத்தில் மரித்த உங்கள் தாய் தகப்பன் கர்த்தரோடு இருக்கிறார்கள் என்று நீங்கள் நம்புவதற்கு உறுதியான ஆதாரம் இது. ஆனாலும் வேதத்தின் கதை அங்கே முடிவதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிக் காட்சியில் மனுஷர்கள் மேலே போவதில்லை, நகரம் கீழே வருகிறது. "இதோ, மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்று சத்தம் கேட்கிறது. அந்த நகரத்தின் அளவு பன்னீராயிரம் ஸ்தாதி (அக்காலத்து நீள அளவு), நீளமும் அகலமும் உயரமும் சமம். வேதத்தில் இப்படி மூன்று பக்கமும் சமமான இடம் இன்னொன்று இருக்கிறது. சாலொமோனின் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலம், இருபது முழ நீளம், இருபது முழ அகலம், இருபது முழ உயரம். ஆண்டுக்கு ஒரே நாள், பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும் நடுங்கிக்கொண்டே நுழைந்த அந்த அறை, முடிவில் கோடானுகோடிப் பேர் குடியிருக்கும் நகரமாகிறது. அதனால்தான் அந்த நகரத்தில் தேவாலயத்தைக் காணேன் என்கிறார் யோவான். நகரம் முழுவதுமே மகா பரிசுத்த ஸ்தலமாகிவிட்ட பிறகு தனியாக ஆலயம் எதற்கு?

பிலிப்பியர் 3:20-ஐயும் இப்படித்தான் படிக்க வேண்டும். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது." பிலிப்பி ரோமருடைய குடியேற்ற நகரம். கி.மு. 42-ல் அங்கே நடந்த பெரும் போருக்குப் பிறகு, ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அவர்களுடைய குடியுரிமை ரோமில் இருந்தது. வயதானதும் எல்லாரும் ரோமுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பதற்காக அல்ல அந்த ஏற்பாடு. மக்கெதோனியா மண்ணில் ரோமின் சட்டப்படி, ரோமின் முறைப்படி வாழவேண்டும் என்பதற்காகத்தான். அதே வசனத்தில் அடுத்து வருவதும் நாம் அங்கே போவது பற்றியல்ல, அங்கேயிருந்து இரட்சகர் வருவது பற்றி. எபேசியர் 1:10-லும் பவுல் சொல்கிற முடிவு இதுதான்: பரலோகத்திலிருக்கிறவைகளும் பூலோகத்திலிருக்கிறவைகளுமாகிய சகலமும் கிறிஸ்துவுக்குள்ளே கூட்டப்படுவது.

அடுத்து ஆசீர்வாதம். பழைய ஏற்பாட்டில் ஆசீர்வாதம் மண்ணோடும் வயிற்றோடும் சேர்ந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. உபாகமம் 28-ல் கூடை, மாப்பிசைகிற தொட்டி, ஆடுமாடு, பிள்ளைகள், மழை எல்லாம் வருகின்றன. ஆனால் அதே பழைய ஏற்பாட்டின் மிகப் பிரியமான ஆசீர்வாதத்தை எடுத்துப் பாருங்கள். எண்ணாகமம் 6:24-26, ஆரோன் சொல்லவேண்டிய ஆசீர்வாதம். நம் ஆராதனைகள் பலவும் முடிவது அதில்தான். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர். கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி, உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர். கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரசன்னமாக்கி, உனக்குச் சமாதானம் கட்டளையிடக்கடவர்." இதில் பொருள் எதுவும் பெயர் சொல்லிக் கேட்கப்படவில்லை. கேட்கப்படுவது தேவனுடைய முகம். 1979-ல் எருசலேமில் கேதேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறைக் குகை ஒன்றில், சுருட்டிய இரண்டு சிறிய வெள்ளித் தகடுகள் கிடைத்தன. மெதுவாகப் பிரித்துப் படித்தபோது அவற்றில் இந்த ஆசீர்வாதத்தின் வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ கி.மு. 600-ஐச் சேர்ந்தவை, வேத வார்த்தைகள் எழுதப்பட்டு நம் கைக்குக் கிடைத்திருக்கிற பொருள்களில் மிகப் பழையவை. பாபிலோன் படை நகரத்தை அழித்த காலத்தை ஒட்டி வாழ்ந்த யாரோ, கல்லறைக்குள் போகும்போதும் உடன் வேண்டும் என்று வைத்துக்கொண்டது இந்த வார்த்தைகளைத்தான்.

பவுல் இந்தப் பழைய ஆசீர்வாதத்தைத் தூக்கி எறியவில்லை. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டுகிறார். ஆபிரகாமுக்குள் பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்று ஆதியாகமம் 12-ல் வாக்கு. கலாத்தியர் 3:14-ல் பவுல் அந்த ஆசீர்வாதம் புறஜாதியாருக்கு எப்படி வந்தது என்று சொல்லும்போது, ஆவியைக்குறித்துச் சொல்லப்பட்ட வாக்குத்தத்தத்தைப் பெற்றோம் என்கிறார். ஆபிரகாமின் ஆசீர்வாதம் என்றாலே பொன்னும் மந்தையும் என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்த வசனத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பவுலுக்கு அந்த ஆசீர்வாதத்தின் உச்சம் பரிசுத்த ஆவியானவரே.

'ஆவிக்குரிய' என்பதற்கும் இதுவே பொருள். உடம்புக்குச் சம்பந்தமில்லாதது, மனசுக்குள் மட்டும் இருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1 கொரிந்தியர் 15-ல் உயிர்த்தெழுந்த சரீரத்தையே பவுல் ஆவிக்குரிய சரீரம் என்கிறார், அது காற்றில் மிதக்கும் நிழல் அல்ல. பரிசுத்த ஆவியானவர் கொடுக்கிறது, அவர் உயிரூட்டுகிறது எதுவோ அது ஆவிக்குரியது.

இனி பவுலின் பட்டியல். உலகத்தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொள்ளப்பட்டோம். சுவிகாரபுத்திரரானோம். இரத்தத்தினாலே மீட்பு, பாவமன்னிப்பு பெற்றோம். தேவனுடைய சித்தத்தின் இரகசியம் நமக்குச் சொல்லப்பட்டது. சுதந்தரம் கிடைத்தது. ஆவியானவரால் முத்திரை போடப்பட்டோம். 'கிறிஸ்துவுக்குள்', 'அவருக்குள்' என்று பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பரிசாக எண்ணிவிடாதீர்கள். கிறிஸ்து என்ற ஒரே ஈவுக்குள் இத்தனையும் இருக்கின்றன என்கிறார்.

இவற்றில் இரண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க ஆசைப்படுகிறேன். ஒன்று சுவிகாரம். ரோம உலகில் தத்தெடுப்பது பெரும்பாலும் அநாதைக் குழந்தையை வளர்ப்பதற்காக அல்ல. வாரிசு இல்லாத பெரிய மனுஷன், வளர்ந்த ஆண்மகன் ஒருவனைத் தன் பெயருக்கும் சொத்துக்கும் உரியவனாக எடுத்துக்கொள்வான். அகஸ்து ராயனே ஜூலியஸ் சீசரின் உயிலின் வழியாகச் சுவிகார மகனானவர்தான். அவர் பிறகு திபேரியுவைக் கி.பி. 4-ல் சுவிகாரம் எடுத்துக்கொண்டார். பேரரசு கைமாறியதே இப்படித்தான். அடிமைகளும் பெண்களும் கூலிக்காரர்களும் உட்கார்ந்திருந்த ஒரு வீட்டுச் சபையில் இந்த நிருபம் வாசிக்கப்பட்டபோது, ராஜகுடும்பத்து ஏற்பாடு ஒன்று தங்களுக்கு நடந்திருப்பதாக அவர்கள் கேட்டார்கள். அந்த வீட்டின் எஜமானும் அடிமையும் ஒரே தகப்பனுக்கு ஒரே உரிமையுள்ள பிள்ளைகள். 6:9-ல் எஜமான்களிடம், உங்களுக்கும் எஜமானானவர் பரலோகத்திலே இருக்கிறார், அவரிடத்தில் பட்சபாதம் இல்லை என்று பவுல் சொல்லத் துணிவது இதனால்தான்.

இன்னொன்று அச்சாரம். 1:14-ல் ஆவியானவர் நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரமாயிருக்கிறார் என்று இருக்கிறது. மனை வாங்குகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அச்சாரம் கைமாறினால் பேச்சு உறுதியாகிவிட்டது. ஆனால் பத்திரம் இன்னும் முடியவில்லை, வீட்டுச் சாவி இன்னும் கைக்கு வரவில்லை. கொடுத்த பணம் முழு விலையின் ஒரு பகுதிதான், என்றாலும் அது நிஜப் பணம். உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது என்று நினைக்கிறேன். ஆசீர்வாதம் இப்போதா, பிறகா என்று கேட்டீர்கள். இப்போதே தேவன் தம்மையே அச்சாரமாகக் கொடுத்துவிட்டார். முழு மீட்பு, சரீரத்தின் மீட்பு, கண்ணீரெல்லாம் துடைக்கப்படுவது இனிமேல்தான். நடுவில் நாம் காத்திருக்கிறோம். ரோமர் 8:23-ல் பவுல் இந்த நடுக்காலத்தைப் பற்றிப் பேசும்போது, ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமுங்கூட நமக்குள்ளே தவிக்கிறோம் என்கிறார். ஆவியைப் பெற்றவர்கள்தான் தவிக்கிறார்கள். உங்கள் வீட்டில் நோய் இருப்பதும் நீங்கள் அழுவதும் ஆசீர்வாதம் வரவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உபாகமம் 28-ன் முதல் பதினாலு வசனங்களை வருஷ வாக்குத்தத்தமாக அட்டையில் அடித்துக் கொடுத்து, அது நிறைவேறாதவர்களை "இன்னும் உங்களிடம் ஏதோ தடை இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் பெருகிவிட்டது. காணிக்கையைக் கூட்டினால் தடை நீங்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஏற்கெனவே நொந்துபோன ஒருவர் தலையில் குற்றவுணர்வையும் ஏற்றுவது கொடுமை. எபிரெயர் 11-ஐப் படித்தாலே போதும். அங்கே விசுவாசத்தினாலே ராஜ்யங்களை ஜெயித்தவர்களுக்கு அடுத்த வரியிலேயே, விசுவாசத்தினாலே கல்லெறியுண்டவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் செம்மறியாட்டுத் தோல் போர்த்துக்கொண்டு குறைவை அநுபவித்தவர்களும் வருகிறார்கள். இருவருக்கும் விசுவாசத்தில் வித்தியாசம் இல்லை. பவுலுக்கும் நிறைவும் தெரியும், பட்டினியும் தெரியும். பிலிப்பியர் 4:12-ல் இரண்டையும் கற்றுக்கொண்டேன் என்கிறார்.

அதற்காக வேலை கேட்டு ஜெபிக்கக் கூடாது, கடன் தீர மன்றாடக் கூடாது என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னது இயேசுவே. பசித்து வந்த சகோதரனிடம் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவது செத்த விசுவாசம் என்று யாக்கோபு 2-ல் இருக்கிறது. ஆவிக்குரிய ஆசீர்வாதம் பெற்ற சபைக்கு பவுல் எபேசியர் 4:28-ல் கொடுக்கும் கட்டளையைப் பாருங்கள்: திருடினவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தன் கைகளினால் வேலைசெய்து பிரயாசப்படட்டும். உங்கள் பிள்ளைக்கு வேலை இல்லை என்பது உங்கள் வீட்டு ஜெபக்குறிப்பு மட்டுமல்ல, நீங்கள் போகிற சபையின் கவலையாகவும் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் குறை உங்களிடம் இல்லை.

இந்த ஆசீர்வாதம் எங்கே கண்ணில் படும் என்று கேட்டீர்கள் அல்லவா. பவுல் அதற்கு ஒரு இடத்தைக் காட்டுகிறார், அது பலர் எதிர்பார்க்காத இடம். இரண்டாம் அதிகாரத்தில் உன்னதங்களில் உட்காரவைக்கப்பட்டோம் என்று சொன்ன கையோடு, யூதருக்கும் புறஜாதியாருக்கும் நடுவே "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரை" கிறிஸ்து தகர்த்தார் என்கிறார். எருசலேம் ஆலயத்தில் உண்மையாகவே ஒரு தடுப்பு இருந்தது. அந்நியன் யாரும் இதைத் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டு ஒன்று 1871-ல் கிடைத்து, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவுல் எருசலேமில் பிடிபட்டது எதற்காக? அப்போஸ்தலர் 21:28-29 படியுங்கள். துரோப்பீமு என்ற எபேசியனை ஆலயத்துக்குள் கூட்டிக்கொண்டு போனான் என்று சந்தேகப்பட்டுத்தான் ஜனங்கள் அவரை அடிக்கத் தொடங்கினார்கள். அன்று தொடங்கிய காவல்தான் செசரியா வழியாக ரோம் வரை நீண்டது. அதாவது ஒரு எபேசியன் அந்தத் தடுப்பைத் தாண்டினான் என்ற குற்றச்சாட்டால் சங்கிலியில் இருக்கிற மனுஷன், எபேசியருக்கு எழுதும்போது அந்தச் சுவர் இடிந்துவிட்டது என்று எழுதுகிறார். கட்டடச் சுவர் அப்போதும் நின்றுகொண்டிருந்தது. கி.பி. 70-ல்தான் ரோமர் ஆலயத்தை அழித்தார்கள்.

3:10-ல், உன்னதங்களிலுள்ள அதிகாரங்களுக்குத் தேவனுடைய ஞானம் சபையின் மூலமாய்த் தெரியவருகிறது என்று பார்த்தோமே, அதற்கு இதுதான் அர்த்தம். பகைவர்களாக இருந்தவர்கள் ஒரே பந்தியில் உட்காரும்போது, தங்கள் ஆட்சி முடிந்தது என்று அந்த அதிகாரங்களுக்குத் தெரிகிறது. தமிழ்ச் சபை இந்த வசனத்தைத் தலைகுனிந்துதான் படிக்க வேண்டும். தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் எழுதினார், தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் ஒரு பீடத்தின் முன்னால் இரண்டு சாதியாருக்கு இரண்டு கூடங்களாகக் கோயில் கட்டி நடுவே தடுத்திருந்தார்கள். அந்தத் தடுப்பை எடுத்ததற்காக வழக்குப் போட்டார்கள், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கல்லறைத் தோட்டத்தில் இன்றும் தனித்தனி வரிசை வைத்திருக்கிற சபை, 'சகல ஆசீர்வாதம்' என்று எத்தனை வாக்குத்தத்த அட்டை அடித்தாலும் எபேசியர் நிருபத்துக்குக் கீழ்ப்படியவில்லை.

கடைசியாக, இதை எப்படி ஜெபிப்பது என்று நீங்கள் யோசிக்கலாம். பவுல் ஜெபித்த ஜெபமே 1:15 முதல் இருக்கிறது. பன்னிரண்டு வசனம் ஆசீர்வாதங்களைச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கொடும் என்று அவர் கேட்கவில்லை. கொடுக்கப்பட்டிருப்பது என்னவென்று அறியும்படிப் பிரகாசமுள்ள மனக்கண்களைத் தாரும் என்று கேட்கிறார். அழைப்பினாலே உண்டான நம்பிக்கை எது, சுதந்தரத்தின் ஐசுவரியம் எது, கிறிஸ்துவை எழுப்பின வல்லமை நம்மிடத்தில் எப்படிப்பட்டது, இந்த மூன்றும் தெரிய வேண்டும் என்கிறார். உங்கள் ஜெபத்தில் கடனையும் நோயையும் பிள்ளையின் வேலையையும் தாராளமாகச் சொல்லுங்கள், கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள். எபேசியர் நிருபம் மொத்தம் ஆறு அதிகாரம், 155 வசனம். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒருவர் சத்தமாக வாசித்தால் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்துச் சபைகளும் இதை அப்படித்தான் ஒரே மூச்சில் கேட்டன. ஒரு தடவை அப்படி வாசித்துவிட்டு, மறுநாள் 1:3-க்குத் திரும்பி வாருங்கள்.